ஜட்ஜிடம் சொன்ன வாக்குமூலம்

“நாய்கிட்ட பேசுவாரு, பெத்த பொண்ணுகிட்ட பேச மாட்டாராமா?”

“கத்தாத. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு.”

“திறந்திருக்கட்டும்! ஊருக்கே தெரிஞ்சுடுச்சு, எனக்கு மட்டும்தானே தெரியல!”

ஜன்னல் திறந்துதான் இருந்தது. காலை ஏழரை மணிக்கு மருந்துக்கடைக்காரியின் குரல் அந்த சுருதிக்கு ஏறும்போது ஜன்னலைச் சாத்துகிற அளவுக்கு நம் தெருவில் யாருக்கும் மனக்கட்டுப்பாடு கிடையாது.

“சொல்லுங்க. அப்பா என்ன சொன்னாரு?”

“சொல்ல முடியாதும்மா.”

“ஏன் முடியாது?”

“கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். நாய்கிட்ட யார் என்ன சொன்னாலும் வெளிய கொண்டு போக மாட்டேன்னு.”

“எனக்குந்தான் ஒரு கையெழுத்துப் போட்டீங்க, கல்யாணப் பதிவேட்டுல. அது எங்க போச்சு?”

அவள் கணவர் கார் சாவியைத் தேடத் தொடங்கினார். சரித்திரத்தில் எந்தக் கணவரிடமும் இதற்குப் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக நாலு வரி. மருந்துக்கடைக்காரியின் அப்பா, பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியே ஓய்வு பெற்றவர். ஏழு வாரத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது கை எழுதாது, கால் இழுக்கும், பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். கால் தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிற பெண் தொண்டை வறளக் கத்திப் பார்த்தும் ‘ம்’ என்பதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

இந்த ஏழு வாரமும் மகளும் மகனும் ஒரே சண்டை. அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று. ‘உன் தலையில் கட்டு’ என்கிற சண்டை என்றால் நமக்கும் புரியும். இது ‘என் தலையில்தான் கட்டணும்’ என்கிற சண்டை. மகள் மாத்திரை மருந்துக்கு நான் இருக்கிறேன் என்கிறாள். டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிற அண்ணன், அப்பாவுக்காகவே ஒரு அறைக்குப் புதிதாகத் தரை போட்டாயிற்று என்கிறான். நீயா நானா என்பதுதான் விஷயம். அப்பா நடுவில் கிடக்கிற கயிறு.

இன்று புதன்கிழமை. மாலை நாலு மணிக்கு மையத்தில் முடிவு. ஒரு தாள் இருக்கிறது. அதில் ‘நோயாளியின் விருப்பம்’ என்று ஒரு கட்டம். நோயாளி வாயால் சொன்னால் அது எழுதப்படும். அவரால் முடியாவிட்டால் பிள்ளைகள் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். அதுவும் இல்லையென்றால் மையமே அவரை மாடியில் உள்ள நீண்டகாலப் பிரிவுக்கு ஏற்றிவிடும். அங்கே ஏறுவது சுலபம். இறங்குவதற்கு மனுமேல் மனு போட வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான், நேற்று மையத்தில் தரை துடைக்கிற அம்மாள் இருமல் மருந்து வாங்க வந்த இடத்தில், “உங்கப்பா நல்லா பேசறாரே! புதன்கிழமை நாய் வந்தா திரைக்குப் பின்னாடி ஒரே பேச்சுதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மருந்துக்கடைக்காரி மீதிச் சில்லறையை அவள் கையில் வைப்பதற்குப் பதில் குப்பைக்கூடையில் போட்டாளாம்.

அந்த நாய் யாருடையது? அவள் கணவருடையது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவில் பெயர் ஸ்டீயரிங். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து யார் என்ன தவறு செய்தாலும் குரல் உயர்த்தாமல் பிரேக் போடுகிற மனிதர். நாயின் பெயர் ஜட்ஜ். தலையைச் சாய்த்து இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளும், தீர்ப்பு மட்டும் சொல்லாது. இரண்டு வருடமாக இவர்கள் இருவரும் சம்பளமில்லாத ஆறுதல் வேலை பார்க்கிறார்கள். சனிக்கிழமை நூலகத்தில் திக்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு. புதன்கிழமை மறுவாழ்வு மையத்தில். மாமனார் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பிருந்தே.

இவர்களை அனுப்புகிற தொண்டர் சங்கத்தில் விதி மூன்று. நாய்க்குப் பச்சைச் சட்டை மாட்டினால் அது வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். அதனிடம் பேசுகிறவரை யாரும் குறுக்கிடக் கூடாது. கேட்டது அறையைத் தாண்டக் கூடாது.

சட்டை மாட்டிய ஜட்ஜ், பக்கத்தில் இரும்புத் தட்டு விழுந்தாலும் காதை அசைக்காது. சட்டை கழன்ற ஜட்ஜைப் பற்றி நம் தெருவைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் மட்டும் இடது கால் செருப்பு மூன்று போயிற்று.

“அப்போ ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் மருந்துக்கடைக்காரி. “என் வீடா, அண்ணன் வீடா? தலைய மட்டும் ஆட்டுங்க.”

ஸ்டீயரிங் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நாய் பின்னால் வந்தது. இரண்டு பேரும் தலையை ஆட்டவில்லை.

*

பதினோரு மணிக்கு மையத்தில் திரையை இழுத்தாயிற்று. திரை என்பது கண்ணுக்குத்தான் மறைப்பு. அந்தப் பக்கம் தரை துடைக்கிறவளுக்குக் காது இருக்கிறதே.

“மாமா, உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சு போச்சு.”

மாமனார் நாயைப் பார்த்தே பேசினார். சொற்கள் மெதுவாக, ஓரம் கொஞ்சம் தேய்ந்து வந்தன. ஆனால் வந்தன. “ஜட்ஜய்யா, மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க. இன்னிக்கும் நான் வாயத் திறக்கறதா இல்ல.”

“திறக்கலன்னா மாடிக்கு ஏத்திடுவாங்க மாமா.”

“மூணு வாரமா இந்தக் கூத்தப் பாத்துட்டுதான் கிடக்கறேன்,” என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர். இடுப்பு எலும்பு முறிந்து, தேறி, அடுத்த வாரம் வீடு திரும்பப் போகிற பழைய பஸ் டிரைவர். “நல்லா ஓடற வண்டிய ஷெட்டுல நிறுத்திட்டு, ரிப்பேருன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கான்.”

“நீ பேசாத. முப்பது வருஷத்துல ஒரு நாளாவது நேரத்துக்கு வண்டி கொண்டு வந்திருக்கியா?”

“வந்தேன். அன்னிக்கு நீ லீவு.”

ஒரே டிப்போ. ஒருவர் தாமதமாக வந்தவர், இன்னொருவர் அதை எழுதியவர். எழுதி எழுதியே இரண்டு முறை டிரைவருடைய சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டவர். இப்போது இரண்டு படுக்கைக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் குடம், அவ்வளவுதான் தூரம்.

விஷயம் இதுதான், வாசகர்களிடம் மறைப்பானேன். டிரைவருக்கு டிப்போவின் பின்புறத் தெருவில் தரைத்தளத்தில் இரண்டு அறை. ஒன்று காலி. தினமும் காலையில் அந்தத் தெருவுக்கு ஒரு நர்ஸ் வந்து போகிறாள். ஜன்னலைத் திறந்தால் முதல் பஸ் கிளம்புவது தெரியும். ‘வந்து இருந்துக்கோ, திட்டறதுக்கு எனக்கும் ஆள் வேணும்’ என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். டைம்கீப்பருக்கு வேண்டியது அந்த அறைதான். மகள் வீடும் இல்லை, மகன் வீடும் இல்லை.

“அதையே சொல்லிடுங்க மாமா.”

“எப்படிச் சொல்றது? பொண்ணு பேரச் சொன்னா பையன் ஒடஞ்சு போவான். பையன் பேரச் சொன்னா அவ சாப்பிட மாட்டா. ரெண்டு பேரையும் வேணாம்னா...” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “பேச்சு திரும்பின அன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு ரெண்டு பேரும் என் கால்மாட்டுல நின்னுட்டு, ‘அப்பா முதல்ல யார் பேரச் சொல்றாரோ அவங்க வீடு’ன்னு பந்தயம் பேசினாங்க. வந்த வார்த்தைய அப்படியே முழுங்கிட்டேன்.”

“அப்ப நான் சொல்லவா?”

“நீங்க கையெழுத்துப் போட்டவரு.”

ஸ்டீயரிங்குக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அன்று வந்ததாம். “உங்களுக்காக என் வீட்ல நான் திருடன் மாதிரி நடக்கறேன் மாமா” என்றவர், நாயின் சட்டையைக் கழற்றி மடித்து காரில் போட்டுக்கொண்டு, நாயை வீட்டில் விட்டுவிட்டு, மதியப் பாடத்துக்குப் போய்விட்டார்.

*

மூன்று மணிக்கு டைல்ஸ் அண்ணனின் வேன் நம் தெருவில் நின்றது. கையில் தங்கையிடம் வாங்கிய வீட்டுச் சாவி. ஏழு வாரத்தில் அண்ணனும் தங்கையும் ஒத்துப்போன முதல் காரியம் இது.

“அப்பாவப் பேச வைக்கப் போறேன்,” என்று தெருவுக்கே அறிவித்தான். “நாய் வந்தாத்தானே பேசறாரு? நாய நானே கூட்டிட்டுப் போறேன். இதுல என்ன பெரிய வித்தை?”

ஜட்ஜ் துள்ளி ஏறியது. கழுத்தில் கயிறு இருந்தது, முதுகில் சட்டை இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கேட்கவா போகிறான்? தரைச் சரிவைப் பற்றிக் கொத்தனார் சொன்னதையே கேட்காதவன்.

ஆனாலும் தகவல் எப்படியோ ஐந்து நிமிடத்தில் ஸ்டீயரிங்கின் போனுக்குப் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. அப்போது அவர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதுக்குமேல் கார் பழக வந்த ஒரு தையல்கார அம்மாள். “மையத்துக்குத் திருப்புங்கம்மா, அவசரம்” என்றிருக்கிறார். அந்த அம்மாள் அவசரம் என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் மெதுவாக ஓட்டினாராம்.

நாலு மணி. டைம்கீப்பரின் படுக்கையைச் சுற்றி ஹெட் சிஸ்டர், தாள், மகள், மகன், நாய்.

“அப்பா, ஜட்ஜ் வந்திருக்கு பாருங்க! பேசுங்க!” என்றான் மகன்.

நாய்க்கு வேறு அலுவல் இருந்தது. முதலில் ஹெட் சிஸ்டரின் பேனா. அடுத்து, கை தேறுவதற்காக வைத்திருந்த ரப்பர் பந்து. அதைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. கயிறு தண்ணீர்க் குடத்தைச் சுற்றியது. குடம் விழுந்தது.

“புடிண்ணா!”

“புடிக்கத்தான் செய்யறேன்! நீ குறுக்க வராத!”

“சாவி குடுத்தது என் தப்பு!”

“உன் புருஷன் வளர்த்த லட்சணம்!”

“நாய வெச்சுக்கவே துப்பில்ல, அப்பாவ வெச்சுக்கப் போறியா?”

ஹெட் சிஸ்டர் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “ஒருமனதா இல்லைன்னு எழுதிக்கட்டுமா?” என்று கேட்டார். மாடியில் இடம் தயாராக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. நாய் பின்வாங்கி, குறிபார்த்து, டிரைவரின் கட்டிலை நோக்கிப் பாய்ந்தது.

“ஏய்! நில்லு! அவன் இடுப்பு! இடுப்பு!”

நாய் நடுவழியில் நின்றது. மற்ற எல்லாரும் நின்றார்கள். டைம்கீப்பர் இடது கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தார்.

ஆனந்தக் கண்ணீர் வந்திருக்க வேண்டிய இடம். என்ன வந்தது தெரியுமா?

“அப்போ பேச வருது!” என்றாள் மகள்.

“எத்தனை நாளா?” என்றான் மகன்.

“சரி, வந்துடுச்சில்ல, சொல்லுங்கப்பா. என் வீடா, இவன் வீடா?”

“அப்பா, நான் புதுசா தரை போட்டிருக்கேன்.”

டைம்கீப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திறந்த வாயைச் சாத்திக்கொண்டு கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

“வண்டி திரும்பவும் ஷெட்டுக்குப் போயிடுச்சு,” என்றார் டிரைவர். “நல்லா இருங்க ரெண்டு பேரும்.”

“பெரியவரே,” என்றார் ஹெட் சிஸ்டர். அவர் பொறுமைக்கும் ஷிப்ட் முடிகிற நேரம். “நீங்க உங்க வாயால சொன்னா எழுதிக்கறேன். இல்லைன்னா மாடிதான். எனக்கு வேற வழி இல்ல.”

அப்போதுதான் ஸ்டீயரிங் வந்து சேர்ந்தார். கையில் பச்சைச் சட்டை. மனைவியையும் மச்சானையும் பார்க்கவில்லை. ஈரத் தரையில் மண்டியிட்டு, நாயின் வாயிலிருந்து பந்தை வாங்கி, சட்டையை மாட்டி, வயிற்றுப் பட்டையைப் பூட்டினார். ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டது நாய். அவ்வளவுதான். நடந்து போய் மாமனாரின் கட்டிலோரம் உட்கார்ந்து, மோவாயைப் போர்வைமேல் வைத்தது.

“இப்போ ஜட்ஜ் வேலையில இருக்கு,” என்றார் ஸ்டீயரிங். “யார் பேசினாலும் குறுக்க பேசக் கூடாது. மையத்துலயும் இதுதான் விதி. கேட்டுப் பாருங்க சிஸ்டர்கிட்ட.”

“விதிதான்,” என்றார் சிஸ்டர்.

“மாமா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க. நாங்க எல்லாரும் இங்க சும்மா நிக்கறோம்.”

மகன் வாயெடுத்தான், சிஸ்டர் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“ஜட்ஜய்யா,” என்றார் கிழவர், இடது கையை நாயின் தலையில் வைத்து. “என் பொண்ணு வீட்ல மாத்திரை நிமிஷம் தப்பாம வரும். பையன் வீட்ல தரை கண்ணாடி மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் தங்கம். யாரு இல்லன்னது? ஆனா எந்த வீட்டுக்குப் போனாலும், நான் அந்த வீட்டு அலமாரில ஜெயிச்சு வெச்ச கோப்பை. விருந்தாளி வந்தா எடுத்துக் காட்டுவாங்க. கூடப் பொறந்தவங்க வந்தா ஒளிச்சு வைப்பாங்க.”

மகள் “அப்பா” என்று ஆரம்பித்தாள். நாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

“இந்த லேட்டு டிரைவர் என்கூட முப்பது வருஷம் சண்டை போட்டவன். எனக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு நாள்கூட விட்டுக்குடுத்துப் பேசல. இவன் வீட்ல ஒரு ரூம் இருக்கு. தரையோட தரையா. நான் அங்க போறேன். பிள்ளைங்க வரட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா வரட்டும். சண்டை போட்டா டிரைவர் வெளிய அனுப்பிடுவான். அவன் வீடு அது.”

“அனுப்புவேன்,” என்றார் டிரைவர்.

“நீங்க குறுக்க பேசக் கூடாது,” என்றார் சிஸ்டர். பேனாவில் பல் தடம் பதிந்திருந்தது, ஆனாலும் எழுதியது. ‘நோயாளியின் விருப்பம்’ என்ற கட்டத்தில் டிப்போ பின்புறத் தெருவின் கதவு எண் ஏறியது. டைம்கீப்பர் இடது கையால் கோணலாக ஒரு கையெழுத்தும், பழக்க தோஷத்தில் பக்கத்தில் மணியும் எழுதினார்: நாலு இருபத்தேழு.

*

வெளியே வந்தால் வாசலில் தையல்கார அம்மாள் காரை நிறுத்துகிறேன் பேர்வழி என்று இரண்டு வண்டிகளுக்கான இடத்தை அடைத்து நிறுத்தியிருந்தார். அதற்குப் பக்கத்தில்தான் அது நடந்தது.

“மச்சான், நீங்க தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்களா?” என்றான் அண்ணன்.

“ஆமா.”

“மூணு வாரமாவா?”

“ஆமா.”

மருந்துக்கடைக்காரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மூணு வாரமா தினம் சாயங்காலம் அவர் பக்கத்துல உக்காந்து அழுதேன். ஒரு வார்த்தை சொல்லுங்கப்பான்னு கெஞ்சினேன். வீட்டுக்கு வந்து உங்ககிட்டயும் அழுதேன். நீங்க டீ போட்டுக் குடுத்தீங்க.”

“வாக்குக் குடுத்துட்டேன்மா.”

“வாக்க வெச்சு நீங்களே டீ குடிங்க.”

ஸ்டீயரிங் ஏதோ சொல்ல வந்தார். அவள் அண்ணனின் வேனில், டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை டைம்கீப்பர் டிரைவரோடு அவர் வீட்டுக்குக் குடிபோனார். அங்கே சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் ஓடுவது குறித்து முதல் நாளே தகராறு என்று கேள்வி. பேச்சு இப்போது ரொம்பத் தெளிவாம். டிரைவர், கொஞ்சம் தெளிவு குறைந்தால் தேவலை என்கிறாராம். ஹெட் சிஸ்டர் அந்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போனார். இந்தக் குடும்பம் காரணமில்லை என்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரும் நம்பவில்லை.

மருந்துக்கடைக்காரியோ வேனில் போனவள், இரவு தங்கிவிட்டு மறுநாள் வந்தாள். அப்பாடா என்று நினைத்தோம். வாசலில் அண்ணனின் வேன் இன்ஜினை அணைக்காமல் நின்றது. ஸ்டீயரிங் கதவைத் திறந்துவிட்டார்.

“என்னைப் பத்தி வேற என்ன சொன்னாரு அப்பா, நாய்கிட்ட?” என்று கேட்டாள்.

அவர் முகம் மாறியதை ஜன்னலிலிருந்தே பார்க்க முடிந்தது. அப்படியானால் ஏதோ இருக்கிறது.

அவள் உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். இரண்டு நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருவதாக, யாரும் கேட்காமலேயே, தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். ஆனால் அவள் தூக்க முடியாமல் தூக்கி வந்ததும், அண்ணன் இறங்கி வந்து மறுபக்கம் பிடித்ததும், அந்த வீட்டிலேயே பெரிய பெட்டி.